ஜாரில் இருக்கும் மூளையைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் அனாடமி (உடற்கூறியல்) துறையில் 27 வருடம் பாடம் எடுத்தேன். அதில் கடைசி 15 வருடம் மியூசியமும் என் பொறுப்பு. மூளை, தலை, கழுத்து ஸ்பெசிமன்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நம் தமிழ் ஆட்களிடம் போன வாரம் சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. வந்த வரிசையிலேயே போகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்ததை நீட்டிச் சொல்வேன், மற்றதற்கு ஒரு வரிதான்.

முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவி, எலகங்கா: சார், உடலைப் பிரித்துப் படிக்கும் எங்கள் ஹாலில் உள்ள எந்த மூளையிலும் பிட்யூட்டரி சுரப்பியைக் காணோம். எடுக்கும்போது தொலைத்துவிட்டார்களா?

தொலையவில்லை அம்மா, மண்டையோட்டுக்குள்ளேயே இருக்கிறது. மூளையை வெளியே எடுக்கும்போது முன்பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டே வருவோம். முதலில் வாசனை நரம்பின் குமிழ்களை எலும்பிலிருந்து மெதுவாகப் பெயர்க்க வேண்டும், அப்புறம் பார்வை நரம்புகள், இரண்டு உள் கரோட்டிட் தமனிகள், நடுவில் பிட்யூட்டரியின் காம்பு, இவற்றை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். சுரப்பி ஸ்பீனாய்டு எலும்பின் குழியில், மூளையைச் சுற்றியுள்ள தடித்த உறையான டியூராவின் மூடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. மூடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகக் காம்பு மட்டும்தான் மேலே வருகிறது. அதனால் மூளையின் அடிப்பக்கத்தில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், வெட்டுப்பட்ட அந்தக் காம்பைத் தேடு. சுரப்பியைப் பார்க்க வேண்டுமானால் நடுவில் பிளந்த தலை ஸ்பெசிமனுக்குப் போ. நடு மெனிஞ்சியல் தமனியும் இதே கதைதான். அது டியூராவுக்கு வெளியே, எலும்பை ஒட்டி ஓடுகிறது. வெளியே எடுத்த மூளையில் அதைத் தேடி நேரத்தை வீணாக்காதே.

கோலார் பக்கம் புதிதாகச் சேர்ந்த டியூட்டர்: புதிதாக எடுத்த மூளையை வடிவம் கெடாமல் எப்படிப் பதப்படுத்துவது?

இதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். புது மூளை கெட்டித் தயிர் மாதிரி. 1300, 1400 கிராம் எடை, ஆனால் தன் எடையைத் தானே தாங்காது. வாளியின் அடியில் வைத்தால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், பதப்படுத்தும் கரைசலான பார்மலின் அந்தத் தட்டை வடிவத்தையே நிரந்தரமாக்கிவிடும். என் இரண்டாவது வருடத்தில் அவசரமாக ஒரு வாளியில் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சிறுமூளை நசுங்கி, டெம்போரல் பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு குடும்பம் கொடுத்த மூளை அது. இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது.

செய்ய வேண்டியது இது. அடிப்பக்கத்தில் ஓடும் பேசிலர் தமனிக்குக் கீழே ஒரு தடித்த நூலை நுழைத்து, நூலின் இரு முனைகளையும் வாளியின் விளிம்பில் கட்டி, மூளையைத் தலைகீழாக மிதக்க விடுங்கள். எந்தப் பக்கமும் வாளியைத் தொடக்கூடாது. கடையில் வரும் பார்மலினில் 37 முதல் 40 சதவீதம் பார்மால்டிஹைடு. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் நாம் சொல்லும் 10 சதவீத பார்மலின், அதாவது ஏறக்குறைய 4 சதவீத பார்மால்டிஹைடு. லிட்டருக்கு மோனோ சோடியம் பாஸ்பேட் 4 கிராமும் டை சோடியம் பாஸ்பேட் 6.5 கிராமும் போடுங்கள், இல்லாவிட்டால் கரைசல் அமிலமாகி, திசுவில் பழுப்பு நிறமி படியும். முதல் ஓரிரு நாளில் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள், பிறகு வாரம் ஒருமுறை. இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் கத்தி வைக்காதீர்கள். வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே இன்னும் கூழாக இருக்கும்.

வாளிக்கு மூடி போடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

சிவாஜி நகரிலிருந்து ஒருவர்: அசல் மனித மூளை ஒன்று வாங்க என்ன விலை ஆகும்?

விலை கிடையாது. மனித உடலும் அதன் பாகமும் விற்பனைப் பொருள் இல்லை.

டெல்லியில் படிக்கும் தமிழ் மாணவர்: ஜனவரியில் எங்கள் பார்மலின் கேனுக்கு அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்தது. கலப்படமா?

கலப்படம் இல்லை தம்பி. குளிரில் பார்மால்டிஹைடு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாராபார்மால்டிஹைடாகப் படிகின்றன. இதைத் தடுக்கத்தான் கேனில் மெத்தனால் சேர்த்தே விற்கிறார்கள், ஆனாலும் டெல்லிக் குளிருக்கு அது போதாது. நிறையப் படிந்திருந்தால் மேலே உள்ள கரைசலின் வலு குறைந்திருக்கும், அதை நம்பி மூளையைப் போடாதீர்கள். கேனை அறை வெப்பத்தில் வையுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

முதலாண்டு மாணவர்: நடுவில் பிளந்த தலையில் ஒரு பாதியில் மூக்குக்குள் மூன்று மடிப்பு தெரிகிறது, இன்னொரு பாதியில் வெறும் சுவர். எது சரி?

இரண்டும் சரி. ரம்பம் மிகச்சரியாக நடுவில் போகாது, ஒரு மயிரிழையாவது விலகும். அதனால் மூக்கின் நடுச்சுவர் ஏதோ ஒரு பாதியோடு ஒட்டிக்கொள்ளும், மறுபாதியில்தான் மடிப்புகள் தெரியும். இரண்டு பாதியையும் ஜோடியாக வைத்துப் படி. கீழ் மடிப்பின் பின்முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் போனால் காதுக்குப் போகும் குழாயின் வாய் இருக்கும், ஸ்பாட்டரில், அதாவது குண்டூசி குத்திய இடத்தின் பெயரைக் கேட்கும் தேர்வில், குண்டூசி அங்கேதான் நிற்கும்.

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை செய்பவர்: சார், திரையிலேயே தலையை அடுக்கடுக்காக உரித்துப் பார்க்க முடிகிறது. நாற்றம் இல்லை, விஷம் இல்லை. இந்தக் காலத்திலும் ஜாரும் பிணமும் எதற்கு?

நியாயமாகக் கேட்டிருக்கிறீர்கள், நியாயமாகவே சொல்கிறேன். குறுக்குவெட்டுகளை சி.டி.யோடு ஒப்பிட்டுப் படிக்கவும், மூளையின் உள்ளறைகள் எப்படி வளைகின்றன என்று புரிந்துகொள்ளவும் திரைதான் மேல். நானே வகுப்பில் அதைக் காட்டியிருக்கிறேன்.

ஆனால் திரை காட்டுவது ஒரே ஒரு தலை. மூளையின் அடியில் தமனிகள் சேரும் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வில்லிஸ் வளையம் என்போம். பாடப்புத்தகத்தில் அழகாக வரைந்திருக்கும் அந்த முழு வளையம் பாதிப் பேருக்குக்கூட அப்படியே இருப்பதில்லை. ஒருவருக்கு ஒரு இணைப்பு நூல் மாதிரி மெலிந்திருக்கும், இன்னொருவருக்கு இருக்கவே இருக்காது. கழுத்திலும் அப்படித்தான். நாக்குக்கும் முகத்துக்கும் போகும் தமனிகள் சிலரிடம் ஒரே தண்டாகக் கிளம்பும். தைராய்டிலிருந்து மேலே நீளும் பிரமிடு மடல் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, வலப்பக்கக் குரல்வளை நரம்பு கீழே போய் வளைந்து திரும்பாமல் நேராகவே குரல்வளைக்குள் போய்விடும். தைராய்டு அறுவையில் அதை எதிர்பார்க்காத கை நரம்பை வெட்டினால் நோயாளியின் குரல் போய்விடும்.

அவரே மீண்டும்: அந்த மாறுபாடுகளையும் மென்பொருளில் சேர்த்துவிட்டால்?

சேருங்கள், சந்தோஷம். ஆனால் பெயர் ஒட்டிக் காட்டியதைப் பார்ப்பது ஒன்று, பெயரில்லாததைத் தானே கண்டுபிடிப்பது இன்னொன்று. கழுத்தில் கரோட்டிட் உறையைப் பிரித்தால் தமனி, சிரை, வேகஸ் நரம்பு மூன்றும் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறத்தில் கிடக்கும். பார்மலின் ரத்தத்தைப் பழுப்பாக்கிவிடுகிறது, சிவப்பு நீலம் எல்லாம் படத்தில்தான். தமனி விரலுக்குள் ரப்பர் குழாய் மாதிரி எழுந்து நிற்கும், சிரை நனைந்த துணியாகப் படியும், நரம்பு திடமான கயிறாக உருளும். விரல் அதைக் கற்க வேண்டும்.

மும்பையிலிருந்து அனாடமி பி.ஜி. மாணவர்: விரல்தான் முக்கியம் என்றால் பிளாஸ்டினேஷன் போதுமே சார்? நாற்றமும் இல்லை, ஜாரும் வேண்டாம்.

குந்தர் ஃபான் ஹாகன்ஸ் 1977-இல் ஹைடல்பெர்க்கில் கண்டுபிடித்த முறை, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. திசுவிலுள்ள தண்ணீரை மைனஸ் 25 டிகிரி குளிரில் அசிட்டோனால் வெளியேற்றி, வெற்றிடத்தில் அசிட்டோன் ஆவியாக ஆவியாக அந்த இடத்துக்கு சிலிக்கோனை இழுக்க வைப்பது. கிடைப்பது காய்ந்த, கையில் எடுக்கக்கூடிய ஸ்பெசிமன். ஆனால் சிலிக்கோனில் முழு மூளை கண்ணுக்குத் தெரியும் அளவு சுருங்கும், மடிப்புகளுக்கு இடையே பள்ளம் அகலமாகிவிடும், அதைப் பார்த்துப் படித்தவர் வயதால் சுருங்கிய மூளை என்று நினைத்துவிடலாம். மூளைத் துண்டுகளுக்கு பாலியெஸ்டர் முறை நன்றாக வரும். அப்புறம், அசிட்டோன் ஆவி ஒரு பொறி பட்டால் பிடிக்கும், வீட்டு ஃப்ரீசரில் இதை முயலவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பிளாஸ்டினேட் செய்ததைப் பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. முடிந்துபோன பாடம் அது.

பிரித்துப் பார்ப்பது என்றதும் ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். பாசெல் நகரத்தில் யோசெஃப் கிளிங்லர் என்பவர் 1930-களில், பதப்படுத்திய மூளையை உறைய வைத்து உருக்கினார். உள்ளே உருவாகும் பனித் துகள்கள் வெள்ளை நார்களை இலேசாக விலக்கிவிடும், அப்புறம் மழுங்கிய மரக் குச்சியால் நார்க் கட்டுகளை ஒவ்வொன்றாக உரிக்கலாம். எம்.ஆர்.ஐ.யிலிருந்து கணினி வண்ண வண்ணமாகப் போடும் நார்ப்பாதைகள் தண்ணீர் நகரும் திசையை வைத்துக் கணக்கிட்டவை. அவற்றைச் சரிபார்க்க இன்றும் நரம்பு அறுவை நிபுணர்கள் கிளிங்லர் முறைக்குத்தான் வருகிறார்கள். ஒயிட்ஃபீல்டு நண்பர் ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்தால் நம் வாதம் முடிந்துவிடும்.

இன்னொருவர்: பிளாஸ்டினேட் செய்தது என்றால் வாங்கலாமா? விலை?

மேலே சொல்லிவிட்டேன். மருத்துவக் கல்லூரிக்கு உடல் வரும் வழியை மாநில அனாடமி சட்டம் சொல்கிறது, கர்நாடகத்துக்கு 1957 சட்டம். எலும்புக்கூடுகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக்கூட 1985-இல் அரசு நிறுத்தியது. அலமாரியில் அழகுக்கு வைக்க வேண்டுமானால் பிளாஸ்டிக் மாடல் வாங்குங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு இருக்கிறது, அவற்றுக்கும் இதுவே பதில்.

ஜெயநகரில் அறிவியல் டீச்சர்: பள்ளியில் ஆட்டு மூளையைப் பாதுகாத்துக் காட்டலாமா?

தாராளமாக, டீச்சர். கறிக்கடையில் முழுதாக, கீறாமல் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளிடம் வித்தியாசத்தைச் சொல்லுங்கள்: ஆட்டுக்கு வாசனைக் குமிழ்கள் பெரியவை, சிறுமூளை பெருமூளைக்குக் கீழே ஒளியாமல் பின்னால் வெளிப்படையாக இருக்கும். அன்றே காட்டி அன்றே முடித்தால் பார்மலினே வேண்டாம், அதுதான் என் விருப்பம். வைத்தே ஆகவேண்டும் என்றால் இறுக மூடிய ஜாரில் வைத்து, மூடியைத் திறக்காமல் காட்டுங்கள். அந்தப் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

நர்சிங் மாணவி: ஹாலில் கண் எரிகிறது, பழகிவிடும் என்கிறார்கள். பழகுமா?

மூக்கு மரத்துப்போகும், அதைப் பழக்கம் என்று சொல்லாதே அம்மா. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் பார்மால்டிஹைடை முதல் பிரிவில் சேர்த்தது. ஸ்பெசிமனை வெளியே எடுத்தால் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, தண்ணீர்த் தட்டில் வைத்துப் படிக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கையுறை வேண்டும், ஜாருக்கு மூடி வேண்டும். துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது.

பெயர் சொல்லாத ஒருவர்: எனக்கு ஒரு மாதமாக ஒற்றைத் தலைவலி...

நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், இந்த வாரமே.

மியூசியம் டெக்னீஷியன்: பழைய அக்ரிலிக் ஜாரில் விரிசல், ஒன்றில் பூஞ்சை.

விரிசல் விட்ட ஜாரில் யாராவது ஸ்பிரிட் ஊற்றினார்களா என்று விசாரியுங்கள். ஆல்கஹாலும் பீனாலும் அக்ரிலிக்கைத் தின்னும், அவற்றுக்குக் கண்ணாடி ஜார்தான். அக்ரிலிக் ஒட்ட குளோரோபார்ம் போதும், அதையும் காற்றோட்டத்தில் செய்யுங்கள். பூஞ்சை வந்தது பார்மலின் ஆவியாகி வலு குறைந்ததால். அதாவது மூடி. கிளிசரின் கலந்த கரைசல் என்றால் ஒரு சிட்டிகை தைமால் படிகம் போடுங்கள், நம் ஓமத்தின் வாசனையே அதுதான். கொட்டும் பழைய பார்மலினைச் சாக்கடையில் விடாதீர்கள்.

பன்னேர்கட்டா ரோட்டிலிருந்து ஒரு அப்பா: பிள்ளைகளுக்கு அசல் மூளையை எங்கே காட்டலாம்?

நிம்ஹான்ஸ், மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம். ஓசூர் ரோட்டில், மூளை நோய்களை ஆராயும் நியூரோபேத்தாலஜி துறையின் மூளை மியூசியம். பக்கவாதம், கட்டி, விபத்து, தொற்று, ஒவ்வொன்றும் மூளையை என்ன செய்கிறது என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள், பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு. நாள், நேரத்தை முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ஹெல்மெட் போடாதவர் மூளையைப் பார்த்த பிறகு என் அக்கா மகன் ஹெல்மெட் இல்லாமல் வண்டி எடுத்ததில்லை.

அல்சூரிலிருந்து 71 வயது அம்மா: என் உடலையும் மூளையையும் கொடுக்க ஆசை. பிள்ளைகள் தயங்குகிறார்கள். என்ன செய்ய?

வணக்கம் அம்மா. இரண்டும் வெவ்வேறு வழி. ஆராய்ச்சிக்கு மூளையைக் கொடுப்பது என்றால் நிம்ஹான்ஸில் 1995-இல் தொடங்கிய மூளைத் திசு வங்கி இருக்கிறது. பாடம் கற்பிக்க முழு உடல் என்றால் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி அனாடமி துறை. மூளையை எடுத்த பிறகு உடலை ஏற்பார்களா என்று அந்தக் கல்லூரியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணை முதலில் கொடுக்கலாம், பொதுவாக அதற்குத் தடையில்லை.

நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் மட்டும் போதாது, அந்த நேரத்தில் பிள்ளைகள் சம்மதித்து போன் செய்தால்தான் நடக்கும். போலீஸ் வழக்கு, போஸ்ட்மார்ட்டம் ஆன உடல், சில தொற்று நோய்கள் இருந்தால் ஏற்க மாட்டார்கள். தாமதமும் ஆகக்கூடாது, சில மணி நேரத்துக்குள் சேர வேண்டும். அதனால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் துறைக்குப் போய் வாருங்கள். 2019 பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு, பிணம்தான் நம் முதல் ஆசிரியர் என்று தனிப் பாடமே இருக்கிறது. பல கல்லூரிகளில் உறுதிமொழி எடுத்து, பூ வைத்துவிட்டுத்தான் தொடுகிறார்கள். அந்த நாளில் பிள்ளைகளை உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள், நான் இருந்த இடத்தில் விடுவோம். போன் நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள், பீரோவுக்குள் வைத்தால் அந்த நேரத்தில் யாருக்கும் கிடைக்காது.