மங்குஸ்தான் ஏன் கல்லாகிறது?

குற்றாலத்தில் வாங்கிய மங்குஸ்தானில் பாதியைக் கத்தியால்கூட வெட்ட முடியவில்லை. சிலவற்றில் மஞ்சள் பசை, ஒரே கசப்பு. எப்படிப் பார்த்து வாங்குவது?
- வாசகி, திருமங்கலம்

கல்லாக இறுகிய பழம் பறித்து நாளாகியிருக்கும், இல்லையென்றால் கீழே விழுந்து அடிபட்டிருக்கும். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பாருங்கள்; லேசாக அமுங்க வேண்டும். காம்பை ஒட்டிய இதழ்கள் பச்சையாக இருந்தால் புதுசு. அடிப்பக்கம் பூப்போல ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. சுளை கூடுதலாக உள்ள பழத்தில் கொட்டையில்லாத சுளைகளும் கூடுதல்.

மஞ்சள் பசை மரத்தின் பால்தான். அது இறங்கிய சுளையை மட்டும் ஒதுக்கினால் போதும். நடுவில் சுற்றிலும் அரை செ.மீ. ஆழத்துக்குக் கீறித் திருகுங்கள். ஆழமாக வெட்டினால் தோலின் சாறு சுளையில் இறங்கித் துவர்க்கும். அந்தச் சாறு வேட்டி, சேலையில் பட்டால் கறை லேசில் போகாது.

டிராகன் பழம் சப்பென்று இருக்கிறது. வைத்திருந்தால் இனிக்குமா? மாடியில் வளர்க்கலாமா?
- வாசகர், மேலூர்

இனிக்காது. செடியில் இருக்கும்வரைதான் சர்க்கரை ஏறும். தோல் முழுக்கச் சிவந்து சில நாள் விட்டுப் பறித்ததே ருசி. தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் நிறம் திரும்பியதுமே பறித்துவிடுகிறார்கள். ஆகவே மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் வாங்கினாலும் பக்கத்து ஊர்த் தோட்டத்துப் பழமா என்று கேட்டு வாங்குங்கள். சிவப்புச் சதை ரகம் பெரும்பாலும் கூடுதல் இனிப்பு. அதைத் தின்றபின் சிறுநீர் சிவந்து போனால் பயப்பட வேண்டாம், பழத்தின் சாயம்தான்.

மாடியில் தாராளமாக வளர்க்கலாம். இது கள்ளி இனம். ஒன்றரை அடித் தண்டை வெட்டி, நிழலில் ஒரு வாரம் போட்டு வெட்டுவாய் ஆறியபின் நடுங்கள். பச்சையாக நட்டால் அழுகிவிடும். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் சம அளவு. 50 லிட்டர் டிரம், அடியில் நிறைய துளைகள். 5 அடிக் கம்பம் ஊன்றி, உச்சியில் பழைய டயரைக் கட்டுங்கள். பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒற்றைத் தண்டாக ஏற்றினால், டயரைத் தாண்டித் தொங்கும் கிளைகளில் பூ வரும். மதுரை வெயிலுக்குப் பங்குனி முதல் வைகாசி வரை நிழல்வலை கட்டாயம். இல்லாவிட்டால் தண்டு மஞ்சளாகி வெந்துவிடும். பூ ராத்திரியில் விரிந்து காலையில் வாடும். சில ரகம் தன் மகரந்தத்தில் காய்க்காது. அப்படியானால் வேறு ரகப் பூவின் மகரந்தத்தை இரவிலேயே தூரிகையால் தடவிவிட வேண்டும்.

ஃபிரிட்ஜில் வைத்த பட்டர் ஃப்ரூட் பழுக்காமலே உள்ளே கறுத்துவிட்டதே?
- வாசகி, சோழவந்தான்

குளிர் தாக்கியிருக்கிறது. பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, பறித்தபின்தான் பழுக்கும். கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் விளையும் காயைக் காகிதத்தில் சுற்றி, ஒரு வாழைப்பழத்தோடு வெளியிலேயே வையுங்கள். நாலைந்து நாளில் காம்படி மெத்தென்று ஆகும். அதன்பிறகு ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. நட்சத்திரப் பழம் ஒரு துண்டாவது தரலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

ஒரு துண்டும் கூடாது, ஜூஸும் கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருளைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. ஏற்கெனவே தின்றிருந்து விடாத விக்கலோ மனக்குழப்பமோ வந்தால், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் இந்தப் பழம் தின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.