சமுதாய வானொலி என்றால் என்ன? அது ஏன் 10, 15 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை?

ஓர் ஊர்ப்பகுதியின் மக்களே தங்கள் பேச்சுவழக்கில் நடத்தும் சிறிய பண்பலை நிலையம் இது. தெலங்கானாவின் மாச்சனூரில் 2008 முதல் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ நல்ல உதாரணம்.

இந்திய விதிப்படி பொதுவாக ஒலிபரப்புத் திறன் 100 வாட், ஆன்டெனா உயரம் 30 மீட்டர், அவ்வளவுதான். கோயில் கொடைக்கு மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் மாதிரி: நம்மூருக்குக் கணீரென்று கேட்கும், அடுத்த ஊருக்குக் கேட்காது. பண்பலை அலை நேர்கோட்டில் போவதால் நடுவில் குன்று நின்றால் மறுபக்கம் வெறும் இரைச்சல்தான். வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை மேட்டில் வைப்பதே பலன் தரும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கேட்க இணையம் வேண்டும் என்பது தவறு. பண்பலை எடுக்கும், பேட்டரி போட்ட பழைய ரேடியோப் பெட்டியே போதும்.