தொப்பி அடியா, சுவர் அடியா?

கேள்வி: விசுவமடுவில் புது வீடு. 12க்கு 12 அடி அறை, பூசின கல்சுவர், சீமெந்து நிலம். மாமா கனடாவிலிருந்து அனுப்பின இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் மூலைகளில் வைத்திருக்கிறேன். எனக்கு பேஸ் (அடித்தொனி) தூக்கலாக இருந்தால்தான் பாட்டு. கூட்டாளியோ போனில் அளந்துவிட்டு, "பிழையான சத்தம்" என்கிறான். யார் சரி?

பதில்: தம்பி, பேஸ் பிடிப்பது பிழையே இல்லை. உறைப்புக் கறி கேட்கிறவனிடம் தராசை நீட்டி என்ன பயன்? ஆனால் நீங்கள் ரசிப்பது பாட்டின் பேஸா, அறையின் பேஸா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு தவில் தனி போட்டுப் பாருங்கள். தொப்பியில், அதாவது தவிலின் அடித்தொனிப் பக்கத்தில், கழி விழுகிற ஒவ்வொரு அடியும் விழுந்து அடங்க வேணும். எல்லா அடியும் ஒரே சுருதியில் "ஊம்" என்று இழுபட்டால், வாசிப்பது உங்கள் சுவர். 12 அடி இடைவெளியில் ஏறக்குறைய 48 ஹேர்ட்ஸும் (நொடிக்கு 48 அதிர்வு) அதன் இரட்டிப்பான 96உம் சுவருக்குச் சுவர் மோதித் தங்கிவிடும். சதுர அறையென்றபடியால் நீளத்திலும் அகலத்திலும் அதே கணக்கு. (எங்கட மேசன்மாருக்குச் சதுரத்தில் அப்படியொரு ஆசை.) மூலையில் வைத்த பெட்டி இதை இன்னும் ஊதிவிடும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் இதே மேளத்தைக் கேட்டிருப்பீர்கள்; வெட்டவெளியில் இழுவை ஏது?

பெட்டிகளை மூலையிலிருந்து இரண்டடி வெளியே எடுங்கள். கதிரை பின்சுவரோடு முட்டவும் கூடாது, நட்டநடுவிலும் வேண்டாம். நடுவில் அந்த 48 காணாமலே போகும். மெல்லிய திரைச்சீலை கீச்சுச் சத்தத்தைத்தான் குடிக்கும். பேஸுக்குத் தடிப்பு வேணும். மூலைகளில் பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்துங்கள். 1890களில் ஹார்வர்டில் சபைன் என்ற பேராசிரியர் இராவிராவாக இருக்கை மெத்தைகளைக் காவிப்போய் அடுக்கித்தான் ஒரு மண்டபத்தின் முழக்கத்தைக் கணக்குப் பார்த்தார். எங்கள் வீட்டில் அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கினால், ரேடியோவே வேறு ரேடியோ மாதிரி இருக்கும்.

கூட்டாளிக்கும் ஒன்று: போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. அடிபேஸில் அது காட்டும் வரைகோட்டை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

இரவில் மெதுவாக வைத்துக் கேட்கிறவரா நீங்கள்? சத்தம் குறையக் குறையக் காதுக்கு பேஸ்தான் முதலில் மங்கும். பிளெச்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933இல் அளந்து காட்டியது. அந்த நேரம் பேஸைக் கொஞ்சம் கூட்டுவது நியாயம்.

பெட்டியை நகர்த்தின முதல் நாள் சப்பென்றுதான் இருக்கும். ஒரு கிழமை பொறுங்கள். அதன் பிறகும் போதவில்லையென்றால் பேஸைத் தாராளமாகத் திருகுங்கள், கூட்டாளியைக் கேட்கவே தேவையில்லை.