நெடுங்கேணிக் கருங்கல்லும் முழங்காவில் வெள்ளைக்கல்லும்

வணக்கம் சேர், நான் நெடுங்கேணி, ஏ.எல் எழுதிப்போட்டு இருக்கிறன். வீட்டில கிணறு வெட்ட 22 அடியில கருங்கல்லு வந்திட்டுது, அப்பா வெடி வைப்பம் எண்டு நிக்கிறார், படம் அனுப்பியிருக்கிறன். முழங்காவில் மாமா வீட்டில வெள்ளைக்கல்லு, தண்ணி தாராளம். ஏன் இப்பிடி? எனக்கு இந்தக் கல்லுப் படிப்பு, புவிச்சரிதவியல்தான் படிக்க ஆசை, வீட்டில வேலை கிடைக்காது எண்டினம். நீங்களும் ஆராய்ச்சிப் பேப்பர் எழுதுற நேரத்தில இதுகளத் தமிழில எழுதி என்ன கண்டனீங்கள்?
(பேர் போட வேண்டாமாம்)

தங்கச்சி, கடைசிக் கேள்வி கொஞ்சம் சுட்டது, அதுக்குப் பிறகு வாறன்.

படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன், கறுப்பும் வெள்ளையுமா வரி வரியாக் கிடக்கு, கறுத்த வரியில காக்காப்பொன் மினுங்குது. நைஸ் எண்டுறது இதைத்தான். இலங்கை, இந்தியா, ஆபிரிக்கா எல்லாம் சேந்து கோண்டுவானா எண்ட பெருங்கண்டமா ஒட்டுப்படேக்க, 55-60 கோடி வருசத்துக்கு முதல், ஆழத்தில வெந்து நசிஞ்சு உருமாறின கல்லு. பாறை வரைபடத்தில இந்தக் கூட்டத்துக்குப் பேரே வன்னித் தொகுதி, குருநாகல் வரைக்கும் போகுது. மாமா வீட்டுக் கல்லு இதுக்கு முன்னால பச்சைக் குழந்தை, மயோசீன் எண்ட காலத்துச் சுண்ணாம்புக்கல், 2.3 கோடி வருசத்துக்கு இங்காலதான் கடலுக்குக் கீழ படிஞ்சது, மழைத்தண்ணி அதைக் கரைச்சுப் பொந்து பொந்தாக்கி வச்சிருக்கு, அதுக்குள்ளதான் தண்ணி. கண்டபாட்டுக்கு மோட்டர் போட்டு இறைச்சா உப்பு ஏறும், சொல்லி வையுங்கோ. உங்கட கல்லுக்குள்ள தண்ணி நிக்க இடமில்ல, மேல உக்கின பகுதியிலயும் வெடிப்புகளிலயும்தான் நிக்கும். வெடி வச்சாலும் வெடிப்புச் சந்திக்காட்டி காசுதான் கரையும்.

நான் சின்னனா இருக்கேக்க எங்கட கிணறு வெட்டின ஐயா அலவாங்குச் சத்தத்தை வச்சே சொல்லுவார், பொத்தெண்டா இன்னும் போகலாம், கணீரெண்டா கை கழுவு எண்டு. நான் பேராதனையில நாலு வருசம் படிச்சுப்போட்டு வந்து அதையே கலர் அடிச்ச வரைபடமாக் கீறினன்.

வேலை லேசில்ல, இல்லாமலும் இல்ல: தண்ணி, கல்லுக்குவாரி, புல்மோட்டைக் கனிய மணல். புவிச்சரிதவியல் எண்டா சனம் புவியியல் ரீச்சர் எண்டுதான் நினைக்கும், அதைத் தாங்கோணும்.

புரமோசன் போமில தமிழில எழுதினதுக்குப் புள்ளி போட ஒரு கட்டமும் இல்ல, ஒரு இன்டர்வியூவில இது பொழுதுபோக்கோ எண்டும் கேட்டவை. என்ர இங்கிலீஷ் பேப்பரை முழுசா வாசிச்சது ரெண்டு ரிவியூவர்தான், அதில ஒராள் வாசிச்சவரோ எண்டு சந்தேகம். ரெண்டு பேரும் கிணத்துப் படம் அனுப்பேல்ல.

வெடிக்கு ஆள் பிடிக்க முதல், விடியக்காலமை மேல நிண்டு டோர்ச் அடிச்சு ஈரம் எந்தப் பக்கத்தால கசியுது எண்டு பாருங்கோ. வெளியில எடுத்த கல்லைக் கழுவி, பக்கத்தில தீப்பெட்டி ஒண்டு வச்சுப் படம் எடுங்கோ, அளவு தெரியோணும்.