ஷார்ஜாவுக்கு வர்ற தம்பிக்கு: முதல்ல அடுப்பு, மத்ததெல்லாம் அப்புறம்

தம்பி, களியக்காவிளையில இருந்து ஷார்ஜாவுக்கு வேலை கிடைச்சு வர்றேன், கம்பெனி ரூம், பத்துப் பேருக்கு ஒரு பொதுச் சமையலறைன்னு எழுதியிருக்க. நாலு கேள்வியும் கேட்டிருக்க. மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், சமைக்கத் தெரியாம ஹோட்டலை வச்சே ஓட்டிரலாமா, பெட்டியில மிக்சி உட்பட என்னெல்லாம் கொண்டுவரணும், பத்து வருஷத்துல அண்ணன் என்னதான் கண்டீங்க.

மிச்சக் கணக்கு உன் சம்பளத்தைவிட உன் வாயைப் பொறுத்தது, அதனால அதை விட்டிருதேன். ரெண்டு விஷயம் மட்டும் காதுல போட்டுக்கோ. ஆள் எடுக்கிற செலவையும் விசாச் செலவையும் தொழிலாளி தலையில கட்டக்கூடாதுன்னு அமீரகத் தொழிலாளர் சட்டத்துலயே இருக்கு. ஊர்ல பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் வாங்கலாம், ரசீது தரணும். அதுக்கு மேல "விசா சார்ஜ்"னு எவன் லட்சத்துல பேசினாலும் எழுந்து வந்திரு. ரெண்டாவது, பாஸ்போர்ட் உன் பெட்டியில இருக்கணும், முதலாளி மேஜையில இல்ல. அதுவும் சட்டம்தான்.

இனி சோத்துக் கதை. ஹோட்டல்லயே ஓட்டிரலாம்னு வர்ற பயலுகளைப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சு. காலையில கபேயில பொரோட்டா, மத்தியானம் குபூஸ்ங்கிற அரபு ரொட்டியும் பருப்பும், ராத்திரி மறுபடி பொரோட்டா. மூணு மாசத்துல வயிறு சொல்லும், ஆறு மாசத்துல பர்ஸ் சொல்லும். மெஸ் பரவாயில்ல. மலையாளிகள் நடத்துற மெஸ்ஸுல கணக்கு வழக்கு சுத்தமா இருக்கும், மீன்கறியும் உண்டு. நம்ம ஆளுங்க நாலு பேரு சேர்ந்து மெஸ் தொடங்கினா ரெண்டாம் மாசமே "யாரு எத்தனை துண்டு மீன் தின்னான்"னு வழக்கு வந்திரும்.

இதுல கேரள எல்லையில இருக்கிற நம்ம விளவங்கோட்டுக்காரங்களுக்கு ஒரு வம்பு இருக்கு. மதுரைக்காரன் நம்மளை மலையாளிங்கான், மலையாளி, தமிழன்னு கிண்டலாப் பாண்டிங்கான். வெளியே கேக்கக் கடுப்பா இருந்தாலும் சமையலறைக்குள்ள இது லாபம். சாம்பாரும் ரசமும் தெரியும், தீயலும் புளிசேரியும் தெரியும், ரெண்டு பக்கமும் கூட்டாளி கிடைப்பான். ஒருத்தன் சோறு வச்சா இன்னொருத்தன் கறி வைக்கிற ஏற்பாட்டுக்கு முதல் வாரமே ஆளைப் பிடி. மூணு பேர் சரியான கணக்கு. ஆறானா பாத்திரம் கழுவ ஒருத்தனும் இருக்க மாட்டான்.

சோறுல இருந்து தொடங்கு. நமக்குச் சம்பா அரிசி இல்லாம இறங்காது; இங்கே மட்டைன்னு எழுதின பையில கிடைக்கும். பொன்னி மாதிரி நினைச்சு ரெண்டரைப் பங்கு தண்ணி வச்சு ரெண்டு விசில் விட்டா நடு வேகாம நிக்கும். தவிடு முழுசாப் போகாத தடிச்ச புழுங்கலரிசி, தண்ணி உள்ளே போக நேரம் வேணும். ஒரு கப்புக்கு நாலஞ்சு கப் தண்ணி, திறந்த பாத்திரத்துல முக்கால் மணி நேரம், அப்புறம் வடிக்கணும். பொதுச் சமையலறையில ஒரு பர்னரை முக்கால் மணி நேரம் பிடிச்சு வச்சா அன்னைக்கே சண்டை.

அதுக்குத்தான் ஊர்ல அம்மா வச்சிருப்பாங்கல்லா, தெர்மல் குக்கர் (சூட்டைப் பிடிச்சு வைக்கிற பெட்டிக்குள்ள பானையை இறக்கி மூடுறது), அது ஒண்ணு வாங்கு. அரிசியைக் கழுவி, கொதிக்கிற தண்ணியில போட்டு, பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்கவிடு. பானையை மூடியோட உள்ளே இறக்கி அடைச்சிரு. ஒண்ணேகால் மணி நேரம் தொடாதே. நடுவுல திறந்து பாத்தா ஆவி போயி அரைவேக்காடுதான். ஒத்தை ஆளுக்குன்னு கால் பானை வச்சாலும் வேகாது. உள்ளே இருக்கிற கொதிதண்ணியோட சூடுதான் அங்கே அடுப்பு, தண்ணி கொஞ்சமானா சூடும் கொஞ்சம். ராத்திரி வச்சுட்டுக் காலையில வடிக்கிறதும் வேண்டாம். குழைஞ்சு, சூடும் இறங்கி, கெட ஆரம்பிச்சிருக்கும்.

மிஞ்சின சோறு விஷயத்துல கவனமா இரு. ஏசி இல்லாத சமையலறையில ஜூன், ஜூலையில சோறு வெளிய இருந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல நம்பாதே. சோத்துல வளர்ற ஒரு கிருமி விடுற நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது, வாந்தியில கொண்டு விடும். ஆறவச்சுச் சின்ன டப்பாவுல பிரிச்சு பிரிட்ஜுல தள்ளு. பழங்கஞ்சி ஆசை இருந்தா டிசம்பர், ஜனவரியில பாத்துக்கலாம்.

அடுத்தது மீன். ஷார்ஜாவுல சூக் அல் ஜுபைல் சந்தைக்குப் போ. சாளையை இங்கே மத்தின்னு கேளு, நெய்மீனை கிங்பிஷ்னோ கனத்னோ சொல்லுவான், ஹமூர்னா நம்ம களவா ஜாதி. வாங்கும்போது ஐஸ் போட்ட பையோட போ. சாளை, அயலை, சூரை மூணும் சூட்டுல கிடந்தா சதையில ஹிஸ்டமின் ஏறும். மீன் நாறாது, பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா தின்ன அரைமணி நேரத்துல மூஞ்சி சிவந்து, உடம்பு அரிச்சு, நெஞ்சு படபடக்கும். எவ்வளவு கொதிக்கவச்சாலும் அது அழியாது. ரூம்ல ஒருத்தனுக்கு இப்படி ஆனா "மீன் அலர்ஜி"ன்னு ஆயுசுக்கும் மீனை விட்டிருவான் பாவம். மீன்ல குத்தமில்ல, காருக்குள்ள பையை வச்சுட்டு வேற கடைக்குப் போனதுதான் குத்தம்.

குழம்புக்கு அளவு சொல்றேன், எழுதி வச்சுக்கோ. அரைக் கிலோ மீனுக்குத் துருவின தேங்காய் ஒரு கப், மல்லித்தூள் ரெண்டு மேசைக்கரண்டி, வத்தல்தூள் ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, உள்ளி (சின்ன வெங்காயம்) ஆறு. எல்லாத்தையும் சேத்து வெண்ணெயா அரைக்கணும். எலுமிச்சை அளவு வாளன்புளி, அதாவது சாதாரணப் புளி. கொடம்புளின்னா மூணு துண்டு, கால் மணி நேரம் ஊறவச்சு அந்தத் தண்ணியோட போடு. அரைப்பு, புளி, உப்பு, கீறின பச்சமிளகா, ரெண்டு முருங்கைக்காய்த் துண்டு சேத்துக் கொதிக்கவிடு. ஒரு கொதி வந்து பச்சை வாடை போனதும் தீயைக் குறைச்சு மீனைப் போடு. சாளைக்கு எட்டு நிமிஷம், தடிச்ச நெய்மீன் துண்டுக்குப் பன்னிரண்டு. கரண்டி போடாதே, சட்டியோட ரெண்டு காதையும் பிடிச்சுச் சுத்து. இறக்கின பிறகு பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி, கருவேப்பிலை, மூடி வை. மறுநாள்தான் ருசி.

புதுசா வர்றவன் குழம்பு திரியிறதுக்கு முக்கியக் காரணம் பிரீசர் தேங்காய். துருவி உறையவச்ச பாக்கெட்டை அப்படியே மிக்சியில தட்டுறான். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே கட்டியாயிரும், அப்போ பிளேடு சுத்தச் சுத்த வெண்ணெய் மாதிரி தனியா உருண்டு நிக்கும். பாக்கெட்டை முன்னாடியே வெளிய எடுத்து வச்சு, வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரை. அரைச்ச பிறகும் பெருந்தீயில நேரங்கண்டபடி கொதிக்கவிட்டா எண்ணெய் பிரியத்தான் செய்யும். காய்ஞ்ச தூள் தேங்காய்தான் கிடைச்சதுன்னா சுடுதண்ணியில இருபது நிமிஷம் ஊறவச்சுக்கோ. அதுல சட்னி ஒப்பேத்தலாம், மீன் குழம்பு ஒப்பேறாது.

மண்சட்டி கொண்டுவரணும்னு அம்மா சொல்லுவாங்க. அடுப்பு கேஸா கரண்டான்னு முதல்ல கேளு. நிறையக் கட்டடத்துல கரண்டுச் சுருள் அடுப்புதான். அதுல மண்சட்டியை நேரா வச்சா அடி ஒரே இடத்துல சூடாகி விரிசல் விடும். அடியில இரும்புத் தட்டு போட்டு, சிறுசா சூடு ஏத்தணும். அந்தச் சுருள் அணைச்ச பிறகும் அஞ்சு நிமிஷம் சுடும், அதனால கறி இறக்கப்போற நேரத்துக்கு முன்னாடியே அணைக்கப் பழகு. பால் பொங்குறதுல பாதி இதுனாலதான்.

தோசை மாவைப் பத்திக் குளிர்தேசத்து உறவுக்காரங்க சொல்றதைக் கேட்டுட்டு இங்கே வராதே. கனடாவுல மாவு பொங்கலேன்னு ஓவன் லைட்டுக்குள்ள வைப்பாங்க. இங்கே ஆகஸ்டுல நாலஞ்சு மணி நேரத்துல பாத்திரத்தை விட்டு வெளிய வந்து, புளிச்சு, பூச்சிக்கு விருந்தாயிரும். மொட்டைமாடித் தொட்டி வெயில்ல காயறதால குழாயைத் திறந்தா சுடுதண்ணி. உளுந்தை அதுல ஊறவைக்காதே, பிரிட்ஜ் தண்ணியில ஊறவை. நாலு கப் இட்லி அரிசிக்கு ஒரு கப் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். மிக்சியில அரைக்கும்போது ஐஸ் தண்ணி கொஞ்சங் கொஞ்சமா விடு, ஜார் சூடானா உளுந்து உபரி காணாது. உப்பு அரைச்ச உடனே போட்டிரு, அது புளிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பாத்திரம் பாதிக்கு மேல நிறைக்காதே. ஒரு மடங்கு எழும்பினதும் நேரா பிரிட்ஜ்.

அவசரத்துக்குப் புட்டு. வறுத்த புட்டுமாவு ஒரு கப்புக்கு ஏறக்குறைய அரைக் கப் உப்புத்தண்ணி, தெளிச்சுத் தெளிச்சு. கையில பிடிச்சா நிக்கணும், விரலால அமுக்கினா உதிரணும். கட்டி விழுந்தா மிக்சியில ஒரே ஒரு சுத்து விடு, சரியாயிரும். குக்கர் மூக்குல மாட்டுற சிரட்டைப் புட்டு அச்சு ஒண்ணு மார்த்தாண்டத்துல வாங்கிக்கோ, எடையே இல்ல. ஏத்தம்பழம் இங்கே கிடைக்கும். மட்டிப்பழத்தை மறந்திரு.

பெட்டிக்கு வருவோம். இதுலதான் ஆளுங்க மாட்டுறது. கசகசா அமீரகத்துல தடை. பொட்டலமாக் கொண்டுவர்றவன் குறைவு, ஆனா வீட்டுல அரைச்ச குருமாப் பொடியில அம்மா ஒரு கரண்டி சேத்திருப்பாங்க. கேட்டுட்டு, அது இல்லாம அரைக்கச் சொல்லு. வெத்தலை, பான் வேண்டாம். இருமல் மருந்துல கோடீன் இருக்கான்னு பாரு. வலி மாத்திரையில டிரமடால் இருந்தா முன்அனுமதி இல்லாம தொடாதே. மல்லித்தூள், வத்தல்தூள், கொடம்புளி, நல்லமிளகு கொண்டுவா, எல்லாம் டப்பாவுல அடைச்சு, உள்ளே என்ன இருக்குன்னு மேலே கருப்பு மார்க்கர்ல பேர் எழுதி. திருவனந்தபுரத்துல ஏறும்போது அச்சாறு பாட்டில் கசியாம இருந்த பெட்டியை நான் பாத்ததில்ல. ரூம்ல மசாலா டப்பாவை அலமாரியில வைக்காதே, கரப்பான் ராஜ்ஜியம். பிரிட்ஜ்லயே ஒரு மூலை பிடிச்சிரு.

பத்து வருஷத்துல என்ன கண்டீங்கன்னா? ஓட்டுநர் உரிமம், இந்திய லைசென்ஸை அப்படியே மாத்தித் தர மாட்டான், வகுப்பும் டெஸ்டும் உண்டு. குடும்ப விசா, அதுக்கு 4,000 திர்ஹம் சம்பளம், இல்லேன்னா 3,000மும் கம்பெனி வீடும் வேணும். ஊர்க் கடன் முடிஞ்சது. பணிக்கொடையை இப்பவே தெரிஞ்சுக்கோ. முதல் அஞ்சு வருஷம் வருஷத்துக்கு 21 நாள், அதுக்கு மேல 30 நாள், பத்து வருஷம் முழுசா நின்னா 255 நாள் சம்பளம். ஆனா அது அடிப்படைச் சம்பளத்துல மட்டும். ஆஃபர் லெட்டர்ல அலவன்ஸைப் பெரிசாக் காட்டி அடிப்படையைச் சுருக்கியிருக்கானான்னு பாரு. அருமனையில மூணு மாடி கட்டிட்டு இங்கே குபூஸ் கடிக்கிற ஆளுங்க இந்தக் கணக்கைக் கடைசி மாசத்துலதான் பாப்பாங்க.

இன்னொண்ணும் கண்டேன், ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் இருபது பேருக்குத் தைரியமா இலை போடலாம். சிறுபயறு பாயசம்னா வறுத்த பருப்பு அரைக் கிலோ, வெல்லம் முக்கால் கிலோ, தேங்காய் நாலு. மூணாம் பால்ல பருப்பை வேகவச்சு, வெல்லப்பாகு சேத்து வத்தவச்சு, ரெண்டாம் பால் ஊத்திக் கொதிக்கவிட்டு, முதல் பால் ஊத்தினதும் அணைச்சிரணும். பருப்பு வேகாம வெல்லம் போட்டா அப்புறம் விடிய விடிய வச்சாலும் வேகாது.

மிக்சி கொண்டுவரலாமான்னு கேட்டது விட்டுப்போச்சு. கொண்டுவா, இங்கேயும் 230 வோல்ட்தான், எரியாது. பிளக் மட்டும் மூணு சதுரக் கால். 13 ஆம்பியர் பியூஸ் உள்ள அடாப்டரா வாங்கு, தெருவோரத்து மலிவு அடாப்டர் மிக்சி லோடுக்கு உருகும். பெரிய ஜாரை விட்டாலும் சட்னி ஜாரை விட்டிராதே.