ஸ்கேனில் வெண்புள்ளி என்றால் எம்.எஸ். நோய்தானா?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. போன மாதம் வலது கண்ணில் பார்வை மங்கியது. கண்ணை அசைத்தாலே வலி. இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. காரைக்குடியில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ‘வெண்புள்ளிகள் உள்ளன, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா எனப் பார்க்கவும்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மதுரையில் 3 டெஸ்லா மெஷினில் முழு உடல் ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகும், தானே ஏற்பாடு செய்வதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். போகலாமா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: அவரோடு மட்டும் போகாதீர்கள், ஆச்சி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் எம்.எஸ். தாக்குவது மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை. கல்லீரலையும் முழங்காலையும் படம்பிடித்து எதைக் கண்டுபிடிப்பது? கார் வாடகையிலும் ஸ்கேன் கட்டணத்திலும் பங்கு வாங்கும் ‘தெரிந்தவர்கள்’ இல்லாத ஊரே இல்லை. டெஸ்லா என்பது மெஷினின் காந்த வலிமைக்கான அளவு; சங்கிலிக்குக் காரட் சொல்வதுபோல அதைச் சொல்லி மயக்குவார்கள். 1.5 டெஸ்லா மெஷினில் ஒழுங்காக எடுத்த படமே இதற்குப் போதும்.

வெண்புள்ளி ஒரு நோயின் பெயரல்ல. ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம், சர்க்கரை, வயது எல்லாமே மூளையில் புள்ளி வைக்கும். எத்தனை என்பதைவிட எங்கே என்பதே எங்களுக்கு முக்கியம். மூளையின் நடுவே உள்ள நீரறைகளை ஒட்டிய இடம், மூளையின் மேற்புறணி, மூளைத்தண்டும் சிறுமூளையும், தண்டுவடம் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டிலாவது புண் (படத்தில் வெண்புள்ளியாகத் தெரிவது) இருக்க வேண்டும் என்கிறது, எம்.எஸ்.ஸை உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் மெக்டொனால்டு வரையறையின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கடுத்த திருத்தத்தில் கண் நரம்பும் சேர்ந்துவிட்டது. கடோலினியம் மருந்தை ஊசிவழி ஏற்றி எடுத்தால், சில வாரங்களுக்குள் உண்டான புதுப்புண் பளிச்சென்று தெரியும். ஸ்டீராய்டு கொடுத்த பிறகு எடுத்தால் அது தெரியாமலும் போகலாம்.

வெறும் தலைவலிக்கு எடுத்த படத்தில் இந்தப் புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். இந்த வயதில் வலியோடு ஒரு கண் மங்கியது அப்படி விடக்கூடியதல்ல. ஆனால் அதை ஸ்கேன் சீட்டில் யார் எழுதுகிறார்கள்? ‘மூளை எம்.ஆர்.ஐ.’ என்று கிறுக்கி அனுப்பினால், படம் பார்ப்பவர் ‘எனப் பார்க்கவும்’ என்று எழுதிக் கைகழுவத்தான் செய்வார். இரண்டு பேருடைய சோம்பலுக்கும் இன்னொரு ஸ்கேன் பணத்தைக் கட்டுவது நோயாளி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா என்றொரு நோய் உண்டு. அதுவும் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். எம்.எஸ். புண் தண்டுவடத்தில் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். இதன் புண் மூன்று முள்ளெலும்புகளின் உயரத்துக்கோ அதற்கு மேலோ நீளும். மூளைப் படம் சுத்தமாகவும் இருக்கலாம், புள்ளிகளோடும் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்ற மருந்துகள் இந்த நோயை மோசமாக்கக்கூடும். அதனால் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின்-4 எதிர்ப்புப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குமுன் யார் சொன்னாலும் எம்.எஸ். மருந்தைத் தொடங்கச் சம்மதிக்காதீர்கள்.

ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தாளோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். கண் மங்கிய தேதி, ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அந்தச் சீட்டு, இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. இடையில் ஆள் வேண்டியதில்லை. அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டால் மட்டும், தண்டுவடத்துக்கும் கண் நரம்புக்கும் மருந்து ஏற்றி எடுங்கள். சிறுநீரகக் கோளாறோ கர்ப்பமோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அதற்குள் மற்றொரு கண் மங்கினாலோ, கால்கள் மரத்துத் தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ மருத்துவர் கொடுத்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.