மன்னராட்சியைச் சாதாரண மக்கள் தூக்கி எறிவது வறுமையாலா?

வறுமை என்ற பதில் எனக்குப் பாதிதான் ஒப்புகிறது. எனக்கு தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். மானாவாரி நிலம். மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ குடும்பமாக பஸ் ஏறிவிடுவார்கள். பசித்தவன் முதலில் பிழைக்கத்தான் வழி தேடுவான், அரசை எதிர்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

"ராஜா நல்லவர், சுற்றி இருக்கிறவர்கள்தான் சரியில்லை" என்று ஜனங்கள் ரொம்ப காலம் நம்புவார்கள். அந்த நம்பிக்கை செத்தால்தான் சிம்மாசனம் ஆடும். 1905 ஜனவரியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளிகள் பிள்ளைகுட்டிகளோடு, ஜார் மன்னரின் படத்தையே கையில் பிடித்துக்கொண்டு, மனு கொடுக்க அரண்மனைக்கு நடந்தார்கள். சிப்பாய்கள் அவர்களைச் சுட்டார்கள். எத்தனை பஞ்சம் வந்தாலும் உடையாத ஒன்று அன்றைக்கு உடைந்தது. ஆனாலும் சிப்பாய்கள் மேலிடத்துப் பேச்சைத் தட்டாமல் கேட்டதால் ஜார் தப்பித்தார். 1917இல் அதே நகரத்தில் ரொட்டி கேட்டு ஆலைப் பெண்கள் தெருவுக்கு வந்தபோதும் முதலில் துப்பாக்கிச்சூடு நடந்தது, ஆனால் நாலே நாளில் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகச் சுட மறுத்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன. அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்தானே, எத்தனை நாளைக்குத் தன் ஜனத்தையே சுடுவார்கள்? ஒரு வாரத்தில் இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறந்தார், முந்நூறு வருட ரொமானோவ் ஆட்சி போயிற்று.

பிரான்சிலும் 1788இல் ஆலங்கட்டி மழையில் விளைச்சல் நாசமாகி ரொட்டி விலை ஏறியது உண்மை. அதைவிட வயிறு எரிய வைத்தது வரி. உழுகிறவன் ராஜாவுக்கும் தேவாலயத்துக்கும் பண்ணைப் பிரபுவுக்கும் அழ வேண்டும், ஆனால் பிரபுக்களும் பாதிரிமார்களும் முக்கியமான வரியைக் கட்ட வேண்டியதே இல்லை. அப்படியிருந்தும் 1789 அக்டோபரில் வெர்சாய் அரண்மனைக்கு நடந்துபோன பெண்கள் ராஜா வேண்டாம் என்று சொல்லவில்லை, பாரிசுக்கு வந்து எங்களோடு இருங்கள் என்றுதான் கூட்டிவந்தார்கள். 1791இல் அவர் ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பி ஓடப் பார்த்து வரேன் என்ற ஊரில் பிடிபட்டாரே, அதற்கப்புறம் அவரை நம்ப ஆளில்லை. அடுத்த வருடமே மன்னராட்சி ஒழிந்தது.

நேபாளத்தில் மன்னரை விஷ்ணுவின் அவதாரம் என்றே கும்பிட்டார்கள். 2005இல் மன்னர் ஞானேந்திரா மொத்த அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொண்டார், 2006 ஏப்ரலில் ஊரடங்கையும் மீறி ஜனங்கள் 19 நாள் தெருவில் நின்றார்கள். 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபையில் முடியாட்சியை முடிக்க 560 ஓட்டு, எதிர்த்து வெறும் 4.